வாகைப் பலகை காய்கிற வரை

வாகையாருக்கு நல்ல சட்டை ஒன்றே ஒன்றுதான். அதுவும் அவர் வீட்டில் இருக்காது. தெருமுனை இஸ்திரிக்காரர் கடையில் ஓர் ஆணியில், பழைய துணி போர்த்தித் தொங்கும். லீவு நாள் காலையில் மனுஷர் தலைக்குக் குளித்துவிட்டு வெறும் பனியனோடு தெருவில் நடந்து போவார். கடையில் நின்று சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு, மறுபடியும் பனியனோடுதான் வீட்டுக்குள் நுழைவார்.

புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். அவர் போவது பெண்டாட்டியைப் பார்க்க. தன் வீட்டுத் தூசியில் ஒரு பொட்டு சட்டையில் ஒட்டிக்கொண்டு போனாலும் அந்த அம்மாவுக்கு மூச்சு இழுக்குமோ என்று பயம். கட்டின பெண்டாட்டி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

தச்சு வேலைதான் அவருக்கு. தேக்கு கொடுத்தாலும் செய்வார், மா கொடுத்தாலும் செய்வார். ஆனால் வாகை வந்து இறங்கினால் அவர் முகமே வேறாகிவிடும். பெற்றவர்கள் வைத்த பேரை எல்லாரும் மறந்து, வாகையார் என்று கூப்பிட ஆரம்பித்ததே அதனால்தான்.

வாகை ஒன்றும் கிடைக்காத மரம் இல்லை. ரோட்டோரத்தில் நிற்கும். காய் முற்றிக் காய்ந்தால் காற்றில் கலகலவென்று சத்தம் போடும். நிழலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அறுத்துப் பார்க்க வேண்டும். பட்டையை ஒட்டி ஒரு வெள்ளைப் பகுதி, அதைத் தாண்டினால் வைரம். கடுங்காப்பி நிறத்தில், நடுவே கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியிருக்கும். நல்ல கனம், ஆனால் உளியின் பல்லை உடைக்கிற பிடிவாதம் இல்லை. கட்டில், அலமாரி, கதவுச் சட்டம், வண்டிச் சக்கரத்துக் குடம், கோடாலிக் காம்பு என்று எதற்கும் ஒத்துப்போகும். மெருகு ஏற்றினால் முகம் பார்க்கலாம்.

ஒரே ஒரு குணம்தான் அதற்கு. நார் நேராக ஓடாது. விரல் அகலத்துக்கு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், அடுத்த விரல் அகலத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். அவசரக்காரன் இழைப்புளியை நேராகத் தள்ளினால் பாதி வழவழப்பாகும், பாதி பிய்த்துக்கொண்டு வரும். வாகையார் இழைப்புளியைக் கோணலாகப் பிடித்து, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவுவார். கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டி எடுப்பார். "பூனையைத் தடவுற மாதிரிதான். முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்துத் தடவினா அது பாட்டுக்குப் படுத்துக்கும்" என்பார்.

அப்புறம் அந்தத் தூசி. மூக்குப்பொடி அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். மில்லில் வாகை அறுக்கிற அன்று அத்தனை பேரும் மூக்கில் துணி கட்டிக்கொள்வார்கள். வாகையார் மட்டும் ஆயுசில் ஒரு தடவைகூடத் தும்மியது கிடையாது. அவருக்குப் பதிலாகத் தும்முவதற்குத்தான் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள் போலிருக்கிறது. கல்யாணமான புதிதில், அவர் பட்டறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தும்மல். சட்டையை உதறினால் தும்மல். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு போலிருக்கே" என்பாள். அப்போது அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்துச் சிரித்தே ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இழுப்பு வந்தது. தும்மல் வேறு, இழுப்பு வேறு. படுத்தால் நெஞ்சுக்குள் துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம். எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், "அப்ப தூசியை விட்டுத் தள்ளி இருங்க" என்று முடித்துவிட்டார்.

வாகையார் அன்றைக்கே வாகையை விட்டார். வீட்டுப் பின்கட்டில் இருந்த பட்டறையைத் தூக்கிக்கொண்டு போய் மர டிப்போவில் ஓர் ஓரக் கொட்டகையில் போட்டார். பிளைவுட்டில் அலமாரி செய்ய ஆரம்பித்தார். பிளைவுட்டில் நார் கிடையாது, முடிச்சு கிடையாது, சொன்னபடி கேட்கும். அதுதான் அவருக்கு ஆகவில்லை. சாயங்காலம் வந்து, சாவி கொடுக்காத கடிகாரம் மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்படியும் அவளுக்கு இழுப்பு நிற்கவில்லை.

ஒருநாள் அவள் பையில் துணியை அடுக்கினாள்.

"நீங்க வாகையைத் தொட்டாலும் இழுக்குது, தொடாட்டியும் இழுக்குது. அப்புறம் எதுக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உட்காரணும்? போய் வாகையையே தொடுங்க. நான் அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்."

"நான்தான் விட்டுட்டேன்னு சொல்றேனே."

"கை விட்டுடுச்சு. மனசு விடலையே. எனக்குத் தெரியாதா?"

அண்ணன் வீட்டில் ஒரே வாரத்தில் மூச்சு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதே என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். வந்து கட்டிலில் படுத்த முதல் நாளே மறுபடியும் துருத்தி. அப்புறம் போனவள்தான். இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது.

அண்ணனுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை, பின்னாலேயே வீடு. வாகையார் கடைவாசலில் செருப்பை விடும்போதே உள்ளே ஒரு தும்மல் கேட்கும். எத்தனை குளித்தாலும் அந்த ஒரு தும்மல் உண்டு. அண்ணி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "வாங்கண்ணே, மணி அடிச்சிடுச்சு" என்பாள்.

புருஷனும் பெண்டாட்டியும் பின்வாசல் படியில் உட்காருவார்கள். பேச்செல்லாம் சுற்றி வளைத்து மரத்தில்தான் வந்து நிற்கும்.

"இந்த வாரம் என்ன வேலை?"

"ஒரு மேஜை."

"என்ன மரம்?"

"அதான்."

"கோடு ஓடியிருக்கா?"

"நல்லா ஓடியிருக்கு. நடுவுல ரெண்டா பிரிஞ்சு, கீழ போய்ச் சேருது."

"நம்ம கட்டில் தலைமாட்டுல இருக்குமே, அது மாதிரியா?"

"அது மாதிரி இன்னொண்ணு இதுவரைக்கும் என் கையில கிடைக்கல" என்பார்.

அவர் கையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். சோப்பு வாசனைதான் இருக்கும். கையைத் திருப்பி அவர் மடியிலேயே வைத்துவிடுவாள். வீட்டுக் கட்டிலில் படுக்கும்போதெல்லாம் தலைமாட்டுப் பலகையில் ஓடுகிற அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டேதான் அவள் தூங்குவாள். இங்கே இரும்புக் கட்டில். கைக்குத் தட்டுப்படுவது ஜில்லென்று ஒரு குழாய்.

அவள் திரும்பி வர வேண்டும். வாகையாருக்கு அதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. இத்தனை நாள் சும்மா இருந்தது போதும் என்று ஒருநாள் துடைப்பமும் வாளியுமாக இறங்கினார். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். பரணில் இருந்ததை இறக்கித் துடைத்தார். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகக் கழுவினார். கடைசியாகக் கட்டிலை நகர்த்தினார்.

சுவரோரமாக, கட்டிலின் நீளச் சட்டம் இருந்த இடத்துக்கு நேர் கீழே, கோலப்பொடி தூவின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நம்ம ரம்பத்தூள்தான் எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு கூட்டித் தள்ளிவிட்டு, கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டார். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. அதற்கு மறுநாளும்.

தூள் மேலேயிருந்து விழுகிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கட்டிலைத் தலைகீழாகப் புரட்டினார்.

மகள் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் ஏறிக் குதித்ததில் அந்தச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. அவர்தான் வேறு சட்டம் போட்டார். கையிலிருந்த பலகை அகலம் கொஞ்சம் போதவில்லை. வெள்ளையை முழுக்கச் சீவினால் சட்டம் ஒல்லியாகிவிடும். அதனால் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையை விட்டு, அந்த விளிம்பைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டார். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? ஊராருக்குச் செய்யும்போது ஒரு நூல் வெள்ளை இருந்தாலும் வெட்டி எறிகிற மனுஷர், நம்ம வீட்டுக் கட்டில்தானே என்று இருந்துவிட்டார். மரத்தைத் துளைத்துத் தின்கிற உளுப் பூச்சி வாகையின் வைரத்தைத் தொடாது. வெள்ளை என்றால் அதற்கு விருந்து. உள்ளே முட்டையிட்டு, குடும்பம் பெருக்கி, குண்டூசித் துளை துளையாகப் போட்டு, அரைத்த மாவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் ரம்பம் போட்டால் வருகிற தூள் பெரிது, பெருக்கினால் போகும். இது மாவு. ஒவ்வொரு தடவை புரண்டு படுக்கும்போதும் அவள் மூக்குக்குக் கீழே கிளம்பியிருக்கிறது. இழுப்பு வந்ததும் அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

எதிர்ப்பக்கச் சட்டத்திலும் உளு இறங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தில், சட்டம் இரண்டையும் கழற்றிக் கொல்லையில் கொளுத்தினார். தலைமாட்டுப் பலகையையும் கால்களையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். அவை புதுக்கல்யாணக் காலத்தில் செய்தவை, முழு வைரம், ஒரு புள்ளி இல்லை. அடுத்த லீவு நாளுக்குக் காத்திருக்க முடியாமல் பஸ் ஏறினார். சட்டை மாற்ற மட்டும் மறக்கவில்லை.

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"ரெண்டு விரல் அகலமா?" என்றாள் அவள்.

"ரெண்டு விரல்தான் இருக்கும்."

"அந்த ரெண்டு விரலுக்கா நான் இங்க இந்தக் குழாயைக் கட்டிப் பிடிச்சிட்டுக் கிடந்தேன்?"

அவள் எழுந்து போய், காய்ந்த துணியையெல்லாம் கொடியிலிருந்து உருவி, மடிக்காமலே திரும்பக் கொடியில் போட்டாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

அண்ணிதான் உள்ளேயிருந்து வழி சொன்னாள். "ஒரு இரும்புக் கட்டிலை வாங்கிப் போடுங்கண்ணே. நாளைக்கே வந்து படுத்துப்பா."

"இரும்புக் கட்டில்ல படுக்கணும்னா உங்க வீட்டுலயே படுத்துக்கறேன் அண்ணி. எனக்கு என் கட்டில்தான் வேணும்" என்றாள் அவள். பிறகு அவரிடம் திரும்பி, "சட்டம் போட மரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"முழு வைரமா ஒரு பலகை எடுத்து வெச்சிருக்கேன். அகலம் தாராளம். ரெண்டு சட்டமும் அதுலயே வந்துடும். பச்சையா இருக்கு."

"பச்சைல போட்டா?"

அவளுக்குத் தெரியாததா? வாகையாரின் பெண்டாட்டி அவள். "சுருங்கும். சட்டத்து முனையில இருக்கிற கழுந்து, கால்ல போட்ட துளைக்குள்ள ஆட ஆரம்பிக்கும்" என்றார் அவர்.

"அப்ப காயட்டும். மறுபடியும் நம்ம வீட்டுக் கட்டில்தானேன்னு ஒண்ணும் பண்ண வேணாம்."

அன்றிலிருந்து பலகைதான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். அதன் இரண்டு முனையிலும் மெழுகை உருக்கி ஊற்றினார். இல்லாவிட்டால் முனை வழியாக ஈரம் ஓடி, பிளந்துகொள்ளும். கொட்டகையில் வெயில் படாமல், காற்று படுகிற இடமாகப் பார்த்து, கீழே கட்டை முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தார். அடிக்கடி புரட்டிப் போட்டார். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. எடை போட வேண்டும். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இறங்காமல் நின்றால் காய்ந்தது.

டிப்போவுக்கு எதிரே பழைய இரும்புக் கடை. வாரம் தவறாமல் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அங்கே தராசில் வைப்பார். கடைக்காரருக்குக் குறும்பு அதிகம்.

"கைக்குழந்தையைத்தான் இப்படி வாராவாரம் எடை போடுவாங்க. அதுக்கு எடை ஏறணும். உங்க பிள்ளைக்கு மட்டும் இறங்கணும்னு நிக்கிறீங்களே."

"இறங்கியிருக்கா?"

"கொஞ்சம் இறங்கியிருக்கு. சாப்பாடு போடலையா?"

அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் லீவு நாளில் பஸ் ஏறுவார். தும்மல் கேட்கும். தேநீர் வரும். படியில் உட்கார்ந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பலகை எப்படி இருக்கு?"

"இறங்குது."

"இறங்கட்டும்" என்பாள். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிக் கூட அதற்கு அப்புறம்தான் பேச்சு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. கொட்டகைத் தகரத்தில் பகலெல்லாம் சத்தம். மரத்துக்கு இது தாங்காது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வீடுகளில் கதவு பிடித்துக்கொண்டது என்று ஆள் மேல் ஆள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் இரும்புக் கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, கிண்டல் பண்ணாமல், "ஏறியிருக்குங்க" என்றார் மெதுவாக.

பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது வாகையாருக்கு ஒரு ஆசை வந்தது. காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? யார் வந்து எடை போடப்போகிறார்கள்? இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பஸ் மாறும்போதும் அதே யோசனை. சைக்கிள் கடைக்கு வந்து, செருப்பை விட்டு, தும்மலைக் கேட்டபோது அந்த யோசனை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஏறிடுச்சு" என்றார்.

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெட்டது கெட்டுச்சு, கட்டில் இல்லாட்டி என்ன, பாய் போட்டுப் படுக்கலாம்னு நீங்க ஏன் கூப்பிடல?" என்றாள்.

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

பிறகு அவளே சொன்னாள்: "அங்க வந்து படுத்து, அப்பவும் இழுத்துச்சுன்னா? அப்ப கட்டில் மேலயும் பழி போட முடியாது, சட்டத்து மேலயும் போட முடியாது. மிச்சம் இருக்கிறது நீங்கதான். அதுக்கு பலகை காயாமலே இருக்கட்டும்னு தோணுது சில நேரம்."

அதே பயம் அவருக்கும் இருந்தது. இருவருக்கும் இருந்ததை ஒருவர் சொல்லிவிட்டதால், அன்று அவர் கடைசி பஸ் வரை அவள் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மழை ஓய்ந்தது. வெயில் நின்று அடித்தது. பலகை மறுபடியும் இறங்க ஆரம்பித்தது; முதலில் வேகமாக, பிறகு போனால் போகிறது என்று. தட்டிப் பார்த்தால் சத்தம் மாறியிருந்தது. முன்னே சாக்கு மூட்டையைத் தட்டின மாதிரி இருந்தது, இப்போது கணீரென்றது. ஒரு வாரம் எடை அப்படியே நின்றது. ஒரே வாரத்தை நம்பக் கூடாது என்று வாகையார் அவளிடம்கூட மூச்சு விடவில்லை. அடுத்த வாரமும் அப்படியே நின்றது.

"இந்தத் தராசு சரியாத்தான் இருக்கா?" என்றார்.

"என் தராசையா சந்தேகப்படுறீங்க?" என்று கடைக்காரர் படிக்கல்லை எடுத்து வைத்துக் காட்டினார். "நிக்குதுங்க. இறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. போய் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

பலகையைக் கொட்டகையில் வைத்தாரா, தராசிலேயே விட்டாரா, அவருக்கே நினைவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அப்போதும் உறைக்கவில்லை. சைக்கிள் கடை வாசலில் செருப்பை விட்டபோது உள்ளே தும்மல் கேட்டது. அது முடிவதற்குள் இன்னொன்று. அப்புறம் அடுக்கடுக்காக.

வாகையார் குனிந்து தன்னைப் பார்த்தார். காலையிலிருந்து வாகையை இழைத்த அதே பனியன். முழங்கை வரை தூள், புருவத்தில் தூள். நல்ல சட்டை இஸ்திரிக் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் பின்னால் நடந்து தெருவுக்கே போய்விட்டார். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"கிட்ட வராத, உள்ள போ" என்றார் அங்கிருந்து.

அவள் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தும்மி முடித்தாள். அண்ணி பின்னால் தண்ணீரோடு நின்றாள். அண்ணன் கையில் சைக்கிள் டியூப்போடு நின்றார். எல்லாரும் அந்தத் துருத்திச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவளும்தான், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. ஒரு மூச்சு இழுத்தாள், விட்டாள். இன்னொன்று இழுத்தாள். சின்ன விசில்கூட இல்லை.

"தும்மல்தான்" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. "தும்மல் மட்டும்தான்."

"மாப்பிள்ளை, அங்கயே நின்னா எப்படி?" என்றார் அண்ணன்.

அவள் தெருவில் நின்றவரையே பார்த்தாள். "பலகை?"

"நின்னுடுச்சு."

"சட்டம் போட்டு முடிக்க எத்தனை நாளாகும்?"

"மூணு நாலு நாள். அவசரப்பட மாட்டேன்."

"அவசரப்பட வேணாம். அதுவரைக்கும் பாய்ல படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் பை இருந்தது. துணி அடுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. "அது மழை விட்ட அன்னைக்கே கட்டி வெச்ச பைண்ணே" என்று அண்ணி போட்டுக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அவர் ஒரு மூலையிலும் அவள் ஜன்னலோரமாக இன்னொரு மூலையிலும் உட்கார்ந்து வந்தார்கள். தெருமுனையில் இறங்கி நடந்தபோது இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர்களைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார்.

"அண்ணே, சட்டை இங்கயே இருக்கு. இதை என்ன பண்ண?"

வாகையார் தன் கையைப் பார்த்துத் தயங்கினார். அவள் கடைக்குள் போனாள். போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து மேஜை மேல் வைத்தாள். சட்டையை ஆணியிலிருந்து கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இனி இது எங்க வீட்டுல தொங்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தும்மல் தும்மி, அவருக்கு முன்னால் நடந்தாள்.